மோரிஸுக்கு எண்ணெய்க்காப்பு

செப்டம்பர் 2, திங்கள்

தாராபுரம் வந்து சேர்ந்தேன். பஸ் நிலையத்துக்கு எதிரே லாட்ஜ் அறை. ஜன்னலைத் திறந்தால் பரோட்டாக் கல்லில் கரண்டி அடிக்கும் சத்தம். தம்பி நல்லசிவம் வீட்டிலேயே தங்கச் சொன்னான். மாடி அறையைக் கூட்டித் துடைத்து வைத்திருக்கிறானாம். முப்பத்தொரு வருஷமாக நான் அந்த வீட்டில் படுத்ததில்லை. அப்பா இறந்த அன்றுகூட மயானத்திலிருந்து நேரே வந்து கோயமுத்தூர் பஸ் ஏறியவன் நான். ஒரு பழைய காருக்காக அந்த வழக்கத்தை மாற்றிக்கொள்வதாக இல்லை.

நல்லசிவம் கார் ஷெட்டை இடிக்கப்போகிறான். மகளுக்கு அந்த இடத்தில் இரண்டு அறை கட்டவேண்டுமாம். ஆயுத பூஜை முடிந்த மறுவாரம் ஆள் வருகிறது. "வண்டி உங்களுதுங்ணா. என்ன பண்றதுன்னு நீங்களே வந்து சொல்லிருங்" என்று போனில் சொன்னான்.

என்ன செய்யவேண்டும் என்பது எனக்குத் தெரியும். என்ஜினைத் திறக்கவேண்டும். உள்ளே எரிந்து ஒட்டிக் கிடக்கும் பிஸ்டனை எடுத்து அவன் கையில் கொடுக்கவேண்டும். "நான்தான் கெடுத்தேன்" என்று என் முகத்தைப் பார்த்து அவன் சொல்லவேண்டும். அதன் பிறகு வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டாலும் சரி.

தேதி போட்டு எழுதுவது அதற்காகத்தான். நாளைக்கு யாரும் மாற்றிப் பேசக்கூடாது.

செப்டம்பர் 3, செவ்வாய்

மழை. ஷெட்டுக்குப் போகவில்லை. நடந்ததை இங்கே ஒழுங்காக எழுதிவிடுகிறேன்.

அப்பா கால்நடை மருத்துவர். 1956இல் செய்த மோரிஸ் மைனர் ஒன்றை வைத்திருந்தார். காங்கேயம் காளைகளும் எருமைகளும் உள்ள தோட்டங்களுக்கெல்லாம் அதில்தான் போவார். எனக்கு வேலை கிடைத்தால் வண்டி எனக்கு என்று சொல்லியிருந்தார். கிடைத்தது. 1993 ஜூன் 14 அன்று கோயமுத்தூரில் ஒரு பொறியியல் கல்லூரியில் விரிவுரையாளராகச் சேரவேண்டும். முதல் நாள் மாலை முழுவதும் வண்டியோடுதான் இருந்தேன். சக்கரங்களில் காற்று, ஆயில், ரேடியேட்டர் கழுவுவது என்று கையேட்டில் எழுதியிருந்த ஒன்றையும் விடவில்லை.

விடிந்து எழுந்தபோது ஷெட் காலி. ஒரு தோட்டத்தில் பசு கன்று போடமுடியாமல் தவிக்கிறது என்று ஆள் வந்திருக்கிறது. அப்பாவுக்கு அப்போது தோள்வலி. ஸ்டீரிங் பிடிக்க முடியாது. என்னை எழுப்பாமல், கேட்காமல், நல்லசிவம் அப்பாவை ஏற்றிக்கொண்டு வண்டியை எடுத்துப் போய்விட்டான். எட்டு மைலில் என்ஜின் கொதித்து, முனகி, இறுகி நின்றுவிட்டது. அப்பா மீதி தூரம் நடந்தார். பசு பிழைத்தது. தோட்டத்துக்காரர் தன் காளைகளைப் பூட்டிக் காரை வீடு வரைக்கும் இழுத்து வந்து விட்டார். தெருவே நின்று சிரித்தது.

நான் பஸ்ஸில் போய் வேலையில் சேர்ந்தேன். அப்பா அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "பையன் என்ன பண்ணுவான்" என்றார். அவன் பையனாம். இருபது வயது.

செப்டம்பர் 5, வியாழன்

ஷெட்டைத் திறந்தோம். எலிப் புழுக்கையும் துருவும் இருக்கும் என்று துணியை மூக்கில் கட்டிக்கொண்டு போனேன். தேவைப்படவில்லை. யாரோ கூட்டியிருக்கிறார்கள். வண்டியின் சாம்பல் நிறம் மங்கியிருக்கிறது, ஆனால் தூசி இல்லை. பானெட்டில் வருஷக்கணக்கான சந்தனக் கறை. குங்குமம் இரும்புக்குள்ளேயே இறங்கிவிட்டது. நான்கு சக்கரத்திலும் காற்று. மூலையில் ஒரு கூடை நிறைய நசுங்கிக் காய்ந்த எலுமிச்சம்பழத் தோல், கருத்துப்போய்.

ஓடாத வண்டிக்கு ஆயுத பூஜை. இந்த ஊரில் எதுதான் நடக்காது!

நல்லசிவத்தின் மனைவி பூங்கோதை காப்பி கொண்டுவந்து மட்காடு மேல் வைத்துவிட்டுப் போனாள். ஆறிப்போகும்வரை அங்கேயே இருந்தது.

செப்டம்பர் 8, ஞாயிறு

மெக்கானிக் ஜமால் வந்தான். நாற்பது வயது இருக்கும். உடுமலை ரோட்டில் ஒர்க் ஷாப். இந்த வகை என்ஜினைத் தன் அத்தாவோடு நின்று பார்த்திருக்கிறானாம். நான் என்ன வேலை என்று கேட்டான். இருபத்தெட்டு வருஷம் வெப்ப என்ஜின்கள் பாடம் நடத்திவிட்டு விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டேன் என்றேன். ஏன் வாங்கினேன் என்பதையும் சொன்னேன்: எனக்கு வரவேண்டிய முதல்வர் பதவி, என்னிடம் படித்தவனுக்குப் போனது. ஜமால் அதைக் காதில் வாங்கவில்லை. பிளக் ஸ்பானரை நீட்டினான். நான் தலைகீழாகப் பிடித்தேன்.

"சார், இருபத்தெட்டு வருசமா இதுக்குப் படம் மட்டும் போட்டீங்களா?"

ஸ்பானரை வாங்கி அவனே மாட்டினான். பிளக்குகள் இறுகியிருக்கும், உடையும் என்று நான் எச்சரித்தேன். நான்கும் விரலாலேயே சுழன்று வெளியே வந்தன.

ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். துரு இல்லை. தேன் நிறத்தில் எண்ணெய், மெல்லிய படலமாக. முகர்ந்தேன். விளக்கெண்ணெய்.

ஜமால் முன்பக்கம், என்ஜினைக் கையால் சுற்றும் ஹேண்டிலைச் செருகினான். வேண்டாம், ஒட்டியிருக்கிறது, வளைந்துவிடும் என்றேன்.

சுற்றியது.

செப்டம்பர் 9, திங்கள்

நேற்று அந்த ஒரு சொல்லுக்கு மேல் எழுத முடியவில்லை.

முப்பத்தொரு வருஷம் நின்ற என்ஜின் கையால் சுற்றக்கூடாது. ஈரக்காற்று, துரு, ரிங்குகள் சுவரோடு கல்லாகப் பற்றிக்கொள்வது, எல்லாவற்றையும் நானே கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். இது அதில் எதற்கும் கட்டுப்படவில்லை.

நல்லசிவத்தைக் கேட்டேன். கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கர் வேலை. சாயங்காலம் பஸ்ஸில் இறங்கி வந்தவனை வாசலிலேயே நிறுத்திக் கேட்டேன். வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னான். வண்டி நின்ற வருஷம் ஆயுத பூஜை வந்தது. மற்ற இரும்புக்கெல்லாம் பொட்டு வைத்தாயிற்று. இதை என்ன செய்வது என்று தெரியவில்லை. கோயிலில் சாமிக்கு எண்ணெய்க்காப்பு சாத்துவார்களே, அதுபோல இதற்கும் சாத்துவோம் என்று தோன்றியிருக்கிறது. வெளியே தடவினால் தூசி ஒட்டும். அதனால் பிளக்கைக் கழற்றி, செக்கில் ஆட்டிய விளக்கெண்ணெயை ஓட்டைக்கு ஒரு கரண்டி ஊற்றியிருக்கிறான்.

பிறகு சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம் வைத்துத் தள்ளவேண்டும். பிளக்குகளைத் திரும்ப மாட்ட மறந்துவிட்டான். வண்டி கியரில் கிடந்ததையும் பார்க்கவில்லை. அவனும் பூங்கோதையும், கல்யாணமாகி மூன்று மாதம், மூச்சுப் பிடித்துத் தள்ளியிருக்கிறார்கள். பழம் நசுங்கிய அதே நேரத்தில் நான்கு ஓட்டையிலிருந்தும் எண்ணெய் பீறிட்டு அவள் கூறைப்புடவை முழுக்கத் தெறித்ததாம்.

"மூச்சு உட்டுச்சுங்ணா," என்றான். "புஸ்ஸு புஸ்ஸுன்னு. எங்க ரெண்டு பேருக்கும் மேலு சிலுத்துப்போச்சு. செத்தது மூச்சு உடுமுங்களா?"

அன்றிலிருந்து ஒவ்வொரு வருஷமும் வேண்டுமென்றே பிளக்கைக் கழற்றி வைத்து, கியரில் போட்டுத்தான் தள்ளுகிறார்கள். நியூட்ரலில் போட்டால் சுலபமாக நகருமே என்றேன். சுலபம்தான், ஆனால் பிணத்தைத் தள்ளுவதுபோல் இருக்கிறது என்றான்.

ஒன்றும் தெரியாதவன். இரண்டு தவறுகளைச் சேர்த்து ஒரே நாளில் செய்தான். அந்த இரண்டும் சேர்ந்து, எந்தப் பாடப்புத்தகமும் சொல்லாத ஒன்றைச் செய்திருக்கின்றன. லாட்ஜுக்கு நடந்து வரும்போது இரண்டு முறை வழியை விட்டு விலகிப்போனேன்.

இன்னொன்றும் சொன்னான். 1996இல் எனக்குக் கடிதம் எழுதினானாம், வண்டி மூச்சு விடுகிறது, வந்து பாருங்கள் என்று. வந்தது. கிழித்தேன்.

செப்டம்பர் 14, சனி

சிலிண்டர் ஹெட்டைக் கழற்றினோம். போட்டோ எடுக்கக் கைபேசியைத் தயாராக வைத்திருந்தேன்.

நான்கு சிலிண்டர்கள். நான்கின் சுவரும் கண்ணாடி. ஜமால் தன் முகத்தை அதில் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டான். ஒரு கீறல் இல்லை. எரிந்த பிஸ்டன் இல்லவே இல்லை. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவே கேஸ்கட் மட்டும் சூட்டில் பிளந்திருக்கிறது. தண்ணீர் இல்லாமல் ஓடியதில் பிஸ்டன்கள் பருத்து இறுகி நின்றிருக்கின்றன; ஆறியதும் தாமாகவே விட்டுவிட்டன. அன்றைக்கு மாலையே யாராவது ஹேண்டிலைப் போட்டிருந்தால் சுற்றியிருக்கும்.

"ஒட்டிப்போச்சு, தூக்கிப் போடுங்கன்னு யாரு சார் சொன்னது?" என்றான் ஜமால்.

ஒரு இன்ஜினியர் என்றேன்.

"அவன் கையில சிக்குனா ரெண்டு வெக்கணும்."

சொன்னது நான்தான். வேலையில் சேரப் புறப்பட்ட அன்று, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு.

கையில் கொடுக்க ஒன்றும் கிடைக்கவில்லை. ஏமாற்றமாக இருக்கவேண்டும். ஆனால் சாயங்காலம் வரைக்கும் அந்த நான்கு வட்டங்களையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பூங்கோதை வைத்த காப்பியை எப்போது குடித்தேன் என்று தெரியவில்லை. டம்ளர் காலியாக இருந்தது.

செப்டம்பர் 18, புதன்

ஹெட்டைக் கோயமுத்தூர் கொண்டுபோய் மட்டம் செய்து வந்தோம். கேஸ்கட் ஒரு பழைய சாமான் கடையில் பரணிலிருந்து கிடைத்தது. பிரேக் ரப்பர்கள் புதிது. எண்ணெய்ப் பிசினில் ஒட்டிக்கொண்ட இரண்டு வால்வுகளை ஜமால் தின்னரில் ஊறவைத்திருக்கிறான். பெட்ரோல் டாங்கிலிருந்து ஒரு பல்லி எலும்புக்கூடு. கோயமுத்தூர் வீட்டில் தபால் எதுவும் இல்லை. மகளோடு இருக்கப்போன மனைவி, வருவதாகச் சொன்ன மாதம் இது இல்லை என்று இப்போது சொல்கிறாள்.

பழைய இரும்புக்குப் போடும் பேச்சை யாரும் எடுக்கவில்லை. நானும்.

செப்டம்பர் 22, ஞாயிறு

எல்லாம் மாட்டியாயிற்று. ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றினேன். ஒரு குடம் முழுக்க ஊற்றியும் நிரம்பவில்லை. காலில் ஈரம் பட்டது.

ஜமால் அடியில் படுத்துப் பார்த்தான். கீழே தண்ணீர் வடிக்கும் சின்னக் குழாய் திறந்திருக்கிறதாம்.

பழையது, நாளடைவில் தளர்ந்திருக்கும் என்றேன்.

"தளரறதா? தொறந்தபடியே துரு புடிச்சு நிக்குது. ப்ளையர் போட்டுத்தான் மூடணும். யாரோ வேணும்னு தொறந்து உட்டுருக்காங்க சார்."

இருக்கலாம் என்றேன்.

செப்டம்பர் 23, திங்கள்

சட்டைகள் துவைத்தேன். மதியம் தயிர்சாதம். தாசில்தார் அலுவலகம் வரை நடை.

செப்டம்பர் 24, செவ்வாய்

ஒன்றுமில்லை.

செப்டம்பர் 26, வியாழன்

ஜமால் வரவில்லை. பானெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பூங்கோதை காப்பியோடு வந்து, இந்த முறை போகாமல் நின்றாள். வண்டி ஓடுமா என்று கேட்டாள். ஓடலாம் என்றேன். ஓடினால் அவர் ஓட்டுவாரா என்று கேட்டாள். லைசென்ஸ் இருக்கிறதா என்று நான் திருப்பிக் கேட்டேன்.

"அதெல்லாம் எப்பவோ போச்சுங் மாமா. அன்னைக்கு எறங்குனவருதான். அதுக்கப்பறம் ஒரு வண்டியும் ஓட்டல. ஸ்கூட்டருகூட வேண்டாம்னுட்டாரு. தண்ணி பாக்காம எடுத்துக் கொன்னுட்டேன், எனக்கு எதுக்கு வண்டிம்பாரு. பாப்பா பொறக்கறப்ப பஞ்சாயத்து ஆபீசுக்கு ஓடிப்போயி ஜீப்பு கேட்டு நின்னாரு. மாமனாரு ஸ்கூட்டரு வாசல்லயேதான் நின்னுச்சு."

அவள் இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒருவருக்குக் கத்திரிக்காய் ஆகாது என்பதைச் சொல்வதுபோல் சொன்னாள்.

இதை ஏன் எழுதி வைக்கிறேன் என்று தெரியவில்லை.

செப்டம்பர் 29, ஞாயிறு

புது பேட்டரி. இந்த வண்டியில் பாஸிட்டிவ் கம்பிதான் உடம்போடு சேரவேண்டும். ஜமால் எல்லா வண்டிக்கும்போல மாற்றி வைக்கப்போனான். நான் தடுத்தேன். என் படிப்பு உதவிய ஒரே இடம் இது.

சாவியைத் திருப்பினேன். எங்கோ பானெட்டுக்குள் ஒரு சத்தம். டிக், டிக், டிக். முதலில் வேகமாக, பிறகு நிதானமாக, பிறகு நின்றது. பெட்ரோல் பம்ப். பித்தளையும் தோல்சவ்வும் உள்ள சின்ன உருளை. யாரும் அதற்கு எண்ணெய்கூட வைத்ததில்லை. போதுமான பெட்ரோலை ஏற்றிக்கொண்டு, போதும் என்று தானே நின்றுகொண்டது.

"உசிரு வந்திருச்சு சார்," என்று ஜமால் குரலைத் தாழ்த்திச் சொன்னான். இருவரும் நின்றுகொண்டே இருந்தோம். இரண்டு நிமிஷம் கழித்து, யாரும் கேட்காமல், அது இன்னொரு முறை டிக் என்றது.

அக்டோபர் 2, புதன்

விடுமுறை. எல்லோரும் இருந்தார்கள். காலை பத்தே முக்கால்.

சோக் இழுத்து, ஸ்டார்ட்டர் குமிழை இழுத்தேன். என்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை. மீண்டும். ஒரு இருமல். ஜமால் டிஸ்ட்ரிபியூட்டரை ஒரு மயிரிழை திருப்பினான். மூன்றாவது முறை இழுத்தபோது இரண்டு சிலிண்டர்கள் எழுந்துகொண்டன. வண்டி ஒரு பக்கமாக உதறியது. மூன்றாவது சேர்ந்தது. நான்காவது தயங்கித் தயங்கி, எல்லோரும் போய்விடுவார்களோ என்று பயந்ததுபோல் ஓடிவந்து சேர்ந்துகொண்டது.

பிறகு அது ஓடியது.

உறிஞ்சு, அழுத்து, எரி, வெளியேற்று. இருபத்தெட்டு வருஷம் இந்த நான்கையும் சுண்ணாம்புக்கட்டியால் வரைந்தேன். கணக்குப் போட்டேன், வினாத்தாளில் கேட்டேன், விடை எழுதாதவனைத் தோல்வியடைய வைத்தேன். உண்மையில் அது நடக்கிறது என்பதை இன்றுதான் நம்பினேன். ஸ்டீரிங்கில் கை வைத்திருந்தேன். இரும்பின் அதிர்வு எலும்பு வழியாகத் தோளுக்கு ஏறியது. கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. வாய் திறந்திருந்தது. மூடத் தோன்றவில்லை.

சைலன்சரிலிருந்து வெண்புகை ஷெட்டை நிரப்பியது. அதில் பெட்ரோல் வாசனையைவிட வறுத்த விளக்கெண்ணெயின் இனிப்பு வாசனைதான் தூக்கலாக இருந்தது. முப்பத்தொரு பூஜையின் எண்ணெய். ஜமால் இருமிக்கொண்டே சிரித்தான். பூங்கோதை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

நல்லசிவம் மட்டும் அசையவில்லை. புகைக்குள் நின்று பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்திருந்தான், மாட்டின் வயிற்றில் அப்பா கை வைப்பதுபோல. என் பக்கம் திரும்பினான்.

"அப்ப நாங் கொல்லலீங்களாண்ணா?"

கேட்க வந்தவன் நான். அவன் வாயிலிருந்து ஒன்றைப் பிடுங்க ஒரு மாதம் லாட்ஜில் கிடக்கிறேன். அவன் இதைக் கேட்கிறான்.

இல்லை என்று சொல்ல ஒரு சொல் போதும். ஆக்ஸிலரேட்டரை அழுத்தினேன்.

அக்டோபர் 3, வியாழன்

குழாயைத் திறந்தது நான்.

1993 ஜூன் 13 மாலை. தூரப் பயணத்துக்கு முன் ரேடியேட்டரைக் கழுவி, ராத்திரி முழுக்க வடியவிட்டு, காலையில் நல்ல தண்ணீர் நிரப்பவேண்டும் என்று கையேட்டில் இருந்தது. அப்படியே செய்தேன். யாரிடமும் சொல்லவில்லை. இந்த வீட்டில் யாரிடமும் எதையும் சொல்லித்தான் செய்யவேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை. அவன் எட்டு மைல் போனதே அதிசயம்.

பிறகு மறந்துவிட்டேன். அதுதான் உண்மை. மறந்துவிட்டேன்.

அக்டோபர் 4, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் அவன் வேலையிலிருந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் ஷெட்டுக்கு வந்தான். இரண்டு நாளாக இப்படித்தான். வண்டியைச் சுற்றி நடக்கிறான், தொடுகிறான், சிரிக்கிறான். நல்லா, இங்கே வா என்று கூப்பிட்டேன். குனிந்து குழாயைக் காட்டினேன். நான் திறந்துவிட்டது, அன்றைக்கு உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, நீ பார்த்திருந்தாலும் பார்க்காவிட்டாலும் அது என்னால் ஆனது என்று வரிசையாகச் சொன்னேன். வகுப்பில் பேசுவதுபோல் இருந்தது என் குரல்.

அவன் குழாயை ரொம்ப நேரம் பார்த்தான். எப்போது தெரியும் என்று கேட்டான். இப்போதுதான், தண்ணீர் ஊற்றியபோதுதான் நினைவு வந்தது என்றேன்.

"இல்லீங்ணா." அவன் குரல் உயரவில்லை. "மாடு இழுத்துட்டு வந்து இங்க உட்டப்ப, நீங்க இப்பக் குனிஞ்ச மாதிரியே குனிஞ்சு பாத்தீங். நான் அந்தத் தூணுகிட்ட நின்னேன். குனிஞ்சு பாத்துப்போட்டு எந்திரிச்சுத்தான், 'முடிஞ்சுபோச்சு, இனி இது ஓடாது, யாரும் தொடாதீங்க'ன்னீங்."

எனக்கு அப்படி ஞாபகம் இல்லை என்றேன்.

"எனக்கு இருக்குதுங்."

உள்ளே போய்விட்டான்.

குனிந்தேனா? குனிந்திருக்கலாம். என்ஜினியரிங் படித்தவன், நின்றுபோன வண்டியைக் குனிந்து பார்க்காமல் இருப்பானா? அதிலிருந்து என்ன தெரிகிறது? ஒன்றும் தெரியவில்லை.

அக்டோபர் 5, சனி

காப்பி வரவில்லை.

அக்டோபர் 6, ஞாயிறு

ஷெட்டில் இருந்தேன். வீட்டுக்குள் மிக்ஸி ஓடியது, டி.வி. ஓடியது. நல்லசிவம் இரண்டு முறை வாசலுக்கு வந்தான். என்னைத் தாண்டி மதில்சுவரைப் பார்த்தான்.

இந்தப் பார்வை எனக்குத் தெரியும். நான் கோயமுத்தூரில் பலரைப் பார்ப்பது இப்படித்தான். ஆனால் அவனிடம் அது கச்சிதமாக இல்லை. பழக்கமில்லாதவன், கண் தடுமாறி அவ்வப்போது என் மேல் பட்டுவிடுகிறது. அவனுக்கு இதைக் கற்றுக்கொடுத்தவன் நான் என்று நினைத்தபோது எழுந்து லாட்ஜுக்கு வந்துவிட்டேன்.

ஜமால் போன் செய்தான். எதற்கு வண்டியைக் கிளப்பாமல் வைத்திருக்கிறீர்கள், ஓடினால்தான் ரிங்குகள் பதியும் என்றான். ஓட்டவேண்டியவர் வரவில்லை என்றேன்.

அக்டோபர் 7, திங்கள்

பார்த்தேன்.

குழாய் திறந்திருந்ததை அன்றே பார்த்தேன். அவன் தூணருகே நின்று அழுதுகொண்டிருந்தான். அப்பா பையை இறக்கிக்கொண்டிருந்தார். தெருவில் ஆட்கள். சொல்லியிருந்தால் அவர்கள் சிரிப்பு என் பக்கம் திரும்பியிருக்கும், அவ்வளவுதான். யாரும் தொடவேண்டாம் என்று சொன்னது, யாரும் குனியக்கூடாது என்பதற்காக.

சாட்சிக்காகத் தேதி போட்டு எழுத ஆரம்பித்தேன். எழுதியாயிற்று.

அக்டோபர் 8, செவ்வாய்

காலையில் அவன் வேலைக்குப் புறப்படும்போது கேட்டருகே நின்று சொன்னேன். பார்த்தேன் நல்லா, அன்னைக்கே பார்த்தேன் என்று. கையில் சாப்பாட்டுப் பையோடு நின்று கேட்டான். தலையை ஆட்டினான். பஸ் வரும் நேரம். போய்விட்டான்.

மன்னித்துவிடு என்று சொல்லவில்லை. அந்தச் சொல்லை நான் கேட்டு வாங்கத்தான் வந்தேன். கொடுக்கும் விதம் தெரியவில்லை.

அக்டோபர் 9, புதன்

அறையைக் காலி செய்துவிட்டு, வண்டியின் சாவியைக் கொடுத்துப்போகலாம் என்று காலை ஆறரைக்கே போனேன்.

ஷெட் கதவு திறந்திருந்தது. நல்லசிவம் வண்டிக்கு அடியில் படுத்திருந்தான். கால் மட்டும் தெரிந்தது. எழுந்து வந்து, துணியில் கையைத் துடைத்துவிட்டு, ரேடியேட்டர் மூடியைத் திறந்தான். உள்ளே விரலை விட்டான். ஈர விரலை வெளியே எடுத்துப் பார்த்தான். மூடினான். திருகி, இன்னொரு முறை திருகினான். இதையெல்லாம் என் எதிரில் செய்தான், எனக்காகச் செய்யவில்லை.

கையை நீட்டினான். சாவியைக் கொடுத்தேன்.

பூங்கோதை தலைக்குக் குளித்த ஈரத்தோடு வந்து முன்பக்கம் ஏறிக்கொண்டாள். அவன் ஸ்டீரிங்கின் முன் உட்கார்ந்து, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். காது மடல்கள் சிவந்திருந்தன. ஐம்பத்தொரு வயது ஆள். நான் பின் கதவின் அருகே போனேன். அது பூட்டியிருந்ததா இல்லையா என்று தொட்டுப் பார்க்கவில்லை.

"கேட்டத் தொறங்கண்ணா," என்றான்.

ஐந்து நாளில் அவன் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

போய்த் திறந்தேன். இரண்டு கதவையும் சுவரோடு சேர்த்துத் தள்ளினேன். முதல் இழுப்பிலேயே என்ஜின் எழுந்தது. கிளட்சை விட்டதும் வண்டி குதித்து நின்றது. பூங்கோதை என்னவோ சொன்னாள், அவன் சிரிக்கவில்லை. மறுபடி எடுத்தான். வண்டி என்னை உரசுவதுபோல் கடந்து தெருவில் இறங்கியது. எதிர்வீட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண் மாவுக் கையோடு நிமிர்ந்தாள். பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டார். பழைய காரைப் பார்ப்பவர்கள் வழக்கமாகப் புன்னகைப்பார்கள். இவர்கள் அப்படிப் பார்க்கவில்லை. போனவர் ஒருவர் திரும்பி நடந்து வருவதைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

தெருமுனையில் இரண்டாவது கியர், கரகரவென்று. அமராவதிப் பாலத்து ரோட்டில் திரும்பியதும் மூன்றாவது. அது சுத்தமாக விழுந்தது. பிறகு நான்காவது, சத்தம் ஒரே இழையாக நீண்டு, மெலிந்து, லாரிகளின் சத்தத்துக்குள்ளும் அறுந்துபோகாமல் கேட்டது. எவ்வளவு தூரம் கேட்கும் என்று ஒரு கணக்கு இருக்கிறது. போட்டுப் பார்க்கவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டேன்.

எங்கே போகிறார்கள், எப்போது வருவார்கள் என்று சொல்லவில்லை. கோயமுத்தூர் பஸ் ஏழே காலுக்கு. தெருவில் எண்ணெய்ப்புகை கலைந்துகொண்டிருந்தது. கேட்டைச் சாத்தவில்லை. காற்றில் மூடிக்கொள்ளாமல் கையால் பிடித்துக்கொண்டு நின்றேன்.